என் பொறுப்பில் ஏழு நாள்

அண்ணையை ஏழு நாள் விடுமுறையில் வீட்டுக்கு விடப்போகிறார்கள் என்று சிறைச்சாலை நலன்புரி அலுவலர் தொலைபேசியில் சொன்னபோது நான் வகுப்பில் நின்றேன். தரம் மூன்று. பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே மாமரத்துக்குக் கீழே வந்து நின்று திரும்பவும் கேட்டேன்.

"ஓம் ரீச்சர், வீட்டு லீவு சரிவந்திட்டுது. ஆனா ஆராவது ஒருத்தர் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைக்க வேணும். நீங்கள் வருவியளோ?"

"வாறன்" என்றேன். யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் வாறன் என்றுதான் சொல்லியிருப்பேன். அண்ணைக்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

அண்ணை உள்ளே போய் அப்போது பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. கொடிகாமம் சந்தியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருக்கிறது. சண்டைக்காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. எங்கள் காணியும் பக்கத்துக் காணியும் ஒரே பற்றையாகக் கிடந்தன. அண்ணையும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்துதான் அந்தப் பற்றையை வெட்டினார்கள். ஒரே போத்தலில் தண்ணீர் குடித்தார்கள். வேலி அடைக்கும் நாள் வந்தபோது கதியால் எங்கே நடுவது என்று பேச்சு வளர்ந்தது. இரண்டு முழ நிலம். அளக்கிற கயிற்றின் ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு சொல் சொன்னார். அண்ணையின் கையில் கிடங்கு தோண்டிக்கொண்டிருந்த அலவாங்கு இருந்தது. அந்த மனுசன் விழுந்தபோதும் நான் கயிற்றை விடவில்லை. விடவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அவர் செத்துப்போனார். அவருடைய மனைவிக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இராது. இடுப்பில் மூன்று வயதுப் பெண்பிள்ளை. அண்ணைக்கு முதலில் மரணதண்டனை என்றார்கள். இந்த நாட்டில் அதை நிறைவேற்றுவதில்லை. ஆயுள் தண்டனையாக மாறியது. பிறகு அதையும் வருடக் கணக்காகக் குறைத்தார்கள். முதலில் தெற்கில் ஒரு பெரிய சிறையில் வைத்திருந்தார்கள், கடைசி ஐந்து வருடம் யாழ்ப்பாணத்தில். அம்மா செத்தபோது அவர் தெற்கில் இருந்தார். மூன்று மணித்தியாலம் விடுவதற்கு அனுமதிக் கடிதம் வந்தது, காடாற்று முடிந்து நாலாம் நாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஊரை விட்டுப் போகவில்லை. நாங்களும் போகவில்லை. போக எங்களுக்கு இடமில்லை, அவளுக்கும் இல்லை. அவளுடைய தம்பிமார் வந்து இரண்டு காணிக்கும் நடுவே ஆளுயர மதில் கட்டினார்கள். எந்த இடத்தில் கட்டினார்கள் என்று நான் எட்டிப்பார்க்கவில்லை. அந்தப் பெண்பிள்ளை எட்டு வயதில் என் வகுப்புக்கு வந்தாள். அதிபரிடம் போய் வேறு வகுப்பில் விடச் சொல்லிக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் தரம் மூன்று ஒன்றுதான் இருந்தது. அவள் தன் பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் ரொபி கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்து, "ரீச்சர், அம்மா உங்களுக்கும் குடுக்கச் சொன்னவா" என்றாள். அதை வாங்கி வாயில் போட்டேன். பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றதால் விழுங்கவும் வேண்டியிருந்தது.

நலன்புரி அலுவலருடைய அறையில் நிபந்தனைகளை வாசித்துக் காட்டினார்கள். எங்கள் கிராம அலுவலர் பிரிவை விட்டு வெளியே போகக் கூடாது. மது கூடாது. ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் பொலிஸ் நிலையத்தில் நேரில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். ஏழாம் நாள் பின்னேரம் நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். தவறினால் பொறுப்பெடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். கடைசியாக, இறந்தவருடைய குடும்பத்தாரை அணுகக் கூடாது.

"அவையின்ரை வீடு எவ்வளவு தூரம்?" என்று அலுவலர் கேட்டார்.

"மதிலுக்கு அங்காலை" என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எடுத்து 'அயல்' என்று எழுதினார். ஊர் விதானை இறந்தவருடைய மனைவியிடமும் கேட்டு எழுதியிருக்கிறார் என்றும், சட்டம் விட்டால் விடட்டும் என்று அவள் சொன்னதாகவும் சொன்னார். நான் மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

அண்ணை ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். நான் மாதம் ஒருமுறை கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பார்த்த முகம்தான். ஆனால் வலை இல்லாமல் பார்த்தபோது ஆள் சின்னதாகத் தெரிந்தார். பஸ்ஸுக்குத் தெருவைக் கடக்க வேண்டும். அண்ணை தெரு ஓரத்தில் நின்றபடியே நின்றார். ஒரு பஸ் தூரத்தில் வந்தது. அது வந்து போகும்வரை நின்றார். அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, புள்ளியாகத் தெரியும் தூரத்தில். அதற்கும் நின்றார்.

"வாங்கோ அண்ணை, அது கனதூரத்திலை வருது."

"கிட்ட வருதோ தூர வருதோ எண்டு எனக்குப் பிடிபடேல்லை, பிள்ளை."

பதினெட்டு வருடமாக அவருடைய கண் சுவரைத் தாண்டிப் போகவில்லை. அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கையைப் பிடித்துக் கடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது.

வீட்டில் கணவாய்க்கறி வைத்திருந்தேன். முன்பு அவருக்கு அது என்றால் உயிர். சோற்றுக் கோப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கதிரையில் இராமல் குசினிச் சுவரில் சாய்ந்து நின்று, சோற்றை மட்டும் அவசரமாகச் சாப்பிட்டார். கறி கோப்பையில் ஓரமாகக் கிடந்தது. பிறகு அதையும் ஒரே வாயாக அள்ளிப்போட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்த இடத்திலேயே நின்றார். அடுத்து என்ன செய்வது என்று நான் சொல்வதற்காக நிற்கிறார் என்று தெரியாமல் நானும் நின்றேன்.

"அண்ணை, மிச்சம் கிடக்கு. போடட்டோ?"

"காணும்."

"அப்ப போய்க் கொஞ்சம் படுங்கோவன்."

"படுக்கலாமோ?" என்று கேட்டார்.

அம்மாவின் படம் சாமியறையில் இருந்தது. அதற்கு முன்னால் நின்று அழுவார் என்று பயந்திருந்தேன். அழவில்லை. வேறு யாருடைய வீட்டுக்கோ போனால் அங்கே மாட்டியிருக்கும் படத்தை மரியாதைக்குப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் ஏழு நாள் லீவு எடுத்திருந்தேன். அவரோடு கதைக்க வேண்டும், அம்மா கடைசியில் என்ன சொன்னா என்று சொல்ல வேண்டும், சமைத்துக் கொடுக்க வேண்டும் என்று நிறைய யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாளே நான் காவற்காரியாகிவிட்டேன். அவர் கக்கூசுக்குப் போனால் எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். வாசற் படலைச் சத்தம் கேட்டால் ஓடினேன். கிணற்றடியில் குளிக்கும்போது வாளிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு குசினியில் நின்றேன். இரண்டாம் நாள் அந்தச் சத்தம் நின்றது. தேங்காய்த் துருவலோடு அப்படியே ஓடிப்போனேன். ஈர உடம்போடு கிணற்றுக் கட்டில் கையை ஊன்றி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணை?"

"ஒண்டுமில்லை. தண்ணி நல்லா மேலை நிக்குது." பிறகு என் கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைப் பார்த்தார். "ஓடி வந்தனீ என்ன?"

"இல்லை."

"பரவாயில்லை. எனக்குப் பழக்கம்தானே."

ஒவ்வொரு நாளும் என் ஸ்கூட்டியில் பின்னால் இருத்தி அவரைப் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கையாலும் சீற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு வருவார். ஊர்ச் சனம் படலைக்குப் படலை நின்று பார்த்தது. பொலிஸில் ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் கொப்பியைத் திறந்து காட்டுவார். அண்ணை தன்னுடைய பெயரை எழுதமாட்டார், சிறை இலக்கத்தை எழுதத் தொடங்குவார். கான்ஸ்டபிள் ஒவ்வொரு நாளும், "பேரை எழுதுங்கோ ஐயா" என்று சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் படலையில் யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் எங்கள் படலைக்கு வந்தது அன்றுதான். அண்ணை உள்ளே இருந்தார். நான் படலைக்கு வெளியே போய் அதைச் சாத்திக்கொண்டு நின்றேன். அவளுக்குத் தலை நரைத்திருந்தது. என்னைவிட இளையவள்.

"ரீச்சர், நாளையிண்டைக்கு மகளுக்குக் கலியாணம். தெரியுந்தானே?"

"ஓம்" என்றேன். பத்து நாளாக மதிலுக்கு அப்பால் ஆட்கள் வருவதும் போவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணைக்கு விடுமுறைத் திகதி தரும்போது எங்களிடம் கேட்டுத் தரவில்லை. எனக்கும் மாற்றிக் கேட்கத் துணிவில்லை. மாற்றக் கேட்டால் இல்லையென்றே ஆகிவிடுமோ என்ற பயம்.

"நான் கெஞ்ச வரேல்லை. சொல்லிப்போட்டுப் போக வந்தனான். என்ரை பிள்ளை தேப்பன் இல்லாமல் மணவறையிலை இருக்கப்போறாள். அண்டைக்கு மட்டும் அந்த முகம் எங்கடை ஆக்களின்ரை கண்ணிலை படப்படாது. தம்பிமார் வந்திருக்கிறாங்கள். குடிப்பாங்கள். எனக்கு அவங்களைப் பிடிச்சு வைக்க ஏலாது."

"அவர் வெளியிலை வரமாட்டார்" என்றேன்.

"சத்தியமாச் சொல்லுங்கோ."

"சத்தியமா."

அவள் திரும்பி இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள். "பிள்ளைக்கு உங்களைக் கூப்பிட ஆசை. நான்தான் வேண்டாமெண்டனான்" என்றாள்.

அவள் போன பிறகுதான் கையெழுத்து நினைவு வந்தது. முகூர்த்தம் பத்தே காலிலிருந்து பதினொன்றே கால் வரை. ஒழுங்கை ஒன்றுதான். எங்கள் வீடு அதன் தொங்கலில், கடைசி வீடாக இருக்கிறது. வெளியே போக வேண்டுமென்றால் அவர்களுடைய வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மறுநாள் பொலிஸில் நேரத்தை மாற்றித் தரமுடியுமா என்று கேட்டேன்.

"ரீச்சர், எனக்கு விளங்குது" என்றார் கான்ஸ்டபிள். "ஆனா கடிதத்திலை பத்திலையிருந்து பதினொண்டு எண்டு போட்டிருக்கு. பெரியவர் லீவிலை. நான் மாத்தினா என்ரை தலைக்கு வரும். வெள்ளணக் கூட்டிக்கொண்டு வந்து இதிலை இருத்துங்கோவன், பத்து மணி மட்டும்."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. கலியாணத்தன்று காலை ஆறு மணிக்கு முன்னமே வெளிக்கிட்டோம். அண்ணைக்குத் தொப்பி ஒன்று போட்டுவிட்டேன். படலையைத் திறந்து எட்டிப் பார்த்தேன். ஒழுங்கைக்குக் குறுக்கே பந்தல் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் கதிரைகளில் இருந்தார்கள். அவளுடைய இரண்டு தம்பிமாரும் வாழைமரம் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெரியவன் திரும்பி என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கையிலிருந்த கயிற்றை இறுக்கினான். நான் படலையைச் சாத்தினேன்.

"போகேலாது, அண்ணை."

அவர் தொப்பியைக் கழற்றினார். "நான் உள்ளை இருக்கிறன். நீ போய்ச் சொல்லு."

"தனிய விட்டிட்டுப் போக எனக்குப் பயமாக் கிடக்கு. அவங்கள் வந்திட்டாங்களெண்டால்?"

அதுமட்டும்தானா என் பயம் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அவர் வெளியே வந்துவிடுவார் என்ற பயமும் இருந்தது. மதிலில் ஏறி அந்தப் பிள்ளையை ஒருமுறை பார்ப்பார், அல்லது மன்னிப்புக் கேட்கிறேன் என்று பந்தலுக்குள் போய் விழுவார், அல்லது கிணறு. ஏதோ ஒன்று. எதைச் செய்வார் என்று சொல்லுமளவுக்கு அவரை எனக்குத் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானாகவே தேங்காய் போட்டு வைக்கிற சின்ன அறைக்குள் போனார். ஒரு சின்ன யன்னல் மட்டும் உள்ள அறை.

"பூட்டு" என்றார்.

பூட்டினேன். வெளிப்படலைக்குப் போடுகிற பெரிய ஆமைப்பூட்டு. பூட்டி இழுத்தும் பார்த்தேன். அந்த இழுப்பைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை. பூட்டியது அவருடைய பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். இழுத்துப் பார்த்ததற்கு என்ன சொல்வது?

ஒன்பதரை வரை வாசலிலேயே இருந்தேன். பிறகு நடந்தே போனேன். பந்தலுக்குக் கீழே போகும்போது எல்லோரும் கதைப்பதை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் நல்லூர்ப் பக்கத்து ஆட்கள், என்னைத் தெரியாது. வாசலில் நின்ற ஒரு பெண் சிரித்தபடி என்மேல் பன்னீர் தெளித்து, சந்தனத் தட்டை நீட்டினாள். மறுக்க முடியாமல் தொட்டு வைத்தேன். அவளுக்குப் பின்னால் யன்னலில் மணப்பெண் நின்றாள், தலையில் பாதிப் பூ வைத்தபடி. என்னைக் கண்டதும், வகுப்பில் விடை தெரிந்தால் எப்படிச் சிரிப்பாளோ அப்படிச் சிரித்தாள். அவளுடைய தாய் வாசலுக்கு வந்து எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை என்று கண்டதும் தலையை ஆட்டினாள்.

பொலிஸில் கான்ஸ்டபிள் என் நெற்றியைத்தான் முதலில் பார்த்தார்.

"ஆள் எங்கை?"

நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப வீட்டிலை தனியவோ?"

"பூட்டிப்போட்டு வந்தனான்."

"என்னெண்டு?"

"அறைக்குள்ளை விட்டுப் பூட்டினனான்."

அவர் கொப்பியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "பூட்டுறது எங்கடை வேலை, ரீச்சர். உங்களிட்டை விட்டது பூட்டுறதுக்கில்லையே" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, களைத்த குரல். ஜீப் அனுப்பி ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்றார். கலியாண வீட்டுக்குள்ளால் ஜீப் போனால் என்னாகும் என்று சொல்லிக் கும்பிட்டேன். கடைசியில், பின்னேரம் தான் சிவில் உடுப்போடு வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் கொப்பியில், சமுகமளிக்கவில்லை என்று எழுதினார். அதை எழுதாமல் விடச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பாரோ தெரியாது.

வீட்டுக்கு வரும்போது மேளம் உச்சத்தில் இருந்தது. தாலி கட்டும் நேரம். கெட்டிமேளச் சத்தத்தில் ஓடு அதிர்ந்தது. பூட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு அசைவோ அசுமாத்தமோ இல்லை.

அண்ணை நித்திரையாகக் கிடந்தார். வெறும் நிலத்தில், சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்கையைத் தலைக்கு வைத்து, வாய் திறந்தபடி. வந்த நாலு இரவும் அவர் ஒரு கண் மூடவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் மூடவில்லை. இப்போது அவ்வளவு மேளத்துக்கும் அசையாமல் கிடந்தார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே நிலத்தில் இருந்தேன். அவர் மூன்று மணிவரை எழும்பவில்லை. கான்ஸ்டபிள் வந்தார், கதவை மெல்லத் திறந்து பார்த்தார், திரும்பச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

எழும்பியதும் முகம் தெளிந்திருந்தது. "முடிஞ்சுதோ?" என்றார்.

"முடிஞ்சுது."

"பிள்ளை எப்பிடி இருந்தவள்?"

"நான் பாக்கேல்லை."

தேத்தண்ணி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்: "இரவைக்கும் பூட்டு, பிள்ளை."

"என்ன விசர்க்கதை?"

"பூட்டினா நித்திரை வருகுது. திறந்து கிடந்தா, ஆரோ வரப்போறான் எண்டிருக்கு. இல்லாட்டி நான் எழும்பிப் போகவேணும்போலை இருக்கு. எங்கை எண்டுதான் தெரியேல்லை."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாள் போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சரியாவதற்கு அவருக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நான் பூட்டினேன், அந்த இரண்டு இரவும். அவர் நித்திரை கொண்டார். மறைக்கக் கூடாது, நானும் கொண்டேன். அந்த ஏழு நாளில் நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தது அந்தக் கதவு பூட்டியிருந்தபோதுதான். அம்மா கடைசியில் என்ன சொன்னா என்பதை நான் சொல்லவேயில்லை. அவரும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் மூன்று மணிக்கே சிறைச்சாலை வாசலில் நின்றோம். உள்ளே காலை வைத்ததும் அண்ணை வேறு ஆளாகிவிட்டார். எங்கே நிற்பது, எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், பையை எந்த மேசையில் வைப்பது, எல்லாம் தெரிந்த ஆள். சோதிப்பவர் சொல்லுமுன்பே கையைத் தூக்கினார். அங்கே நின்ற காவலர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அண்ணை சிங்களத்திலேயே பதில் சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏழு நாளில் அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். "போட்டு வாறன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வீட்டை விட்டு வெளிக்கிடும் ஆள் சொல்வதுபோல அதைச் சொன்னார். பஸ்ஸில் இருந்து யோசித்தபோதுதான், அவர் வீட்டுக்குத்தான் போனார் என்று எனக்குப் பட்டது. அன்றிரவு முழுக்க அழுதேன்.

அடுத்த வருடம் விடுமுறை கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் கையெழுத்து இல்லாதது காரணம் என்று கடிதம் வந்தது. விளக்கம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். நான் எழுதினேன், பதில் வரவில்லை. அதற்கு அடுத்த வருடம் வேறு ஒரு செய்தி வந்தது. நன்னடத்தையில் இருக்கிற பழைய கைதிகளை அனுமதிப்பத்திரத்தில் விடப்போகிறார்கள். மிச்சத் தண்டனையை வீட்டிலிருந்தே கழிக்கலாம், மாதாமாதம் மேற்பார்வை அலுவலரிடம் போனால் போதும். அண்ணையின் பெயரும் இருந்தது. அலுவலர் வீடு பார்க்க வந்தார். இளம் பெண். ஒவ்வொரு அறையாகப் பார்த்துக் குறித்தார். தேங்காய் அறையையும் பார்த்தார்.

"பகலிலை வீட்டிலை ஆர் இருப்பினம்?"

"நான் பள்ளிக்கூடம் போயிடுவன். ஒருத்தரும் இல்லை."

"பக்கத்து வீட்டு அம்மாவைப் பாத்திட்டுத்தான் வாறன். தனக்கு ஒரு மறுப்பும் இல்லையெண்டு சொன்னவா. கையெழுத்தும் தந்தவா" என்றார். பேசிக்கொண்டே என் பக்கம் ஒரு படிவத்தை நகர்த்தினார். "இனி உங்கடை சம்மதம்தான்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இரண்டு கிழமை அந்தப் படிவம் அலுமாரியில் கிடந்தது. நான் யாரோடும் கதைக்கவில்லை. ஏழு நாளை வருடங்களால் பெருக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வாளிச் சத்தமும், ஒவ்வொரு படலைச் சத்தமும். ஒவ்வொரு பின்னேரமும் பள்ளிக்கூடத்தால் வந்து, என்ன நடந்திருக்குமோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறப்பது. பூட்டச் சொல்லி அவர் கேட்பது. நான் பூட்டுவது. எத்தனை வருடம்? அவர் சாகும்வரை, அல்லது நான் சாகும்வரை. புருசனைப் பறிகொடுத்தவள் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கூடப்பிறந்த நான், உடல்நிலை காரணமாக என்னால் பொறுப்பேற்க இயலாது என்று எழுதினேன். தெளிவான கையெழுத்தில், பிழையில்லாமல்.

அலுவலர் வாசித்தார். "வேறை உறவினர் ஆரும்?"

"இல்லை."

"சரி" என்று கோப்புக்குள் வைத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் பார்க்கப் போகாமல் விட நினைத்தேன். போனேன். வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு என்ன வருத்தம்?"

நான் பையைக் கைமாற்றினேன்.

"கடிதத்தை வாசிச்சுக் காட்டினவை. உடல்நிலை சரியில்லையெண்டு எழுதியிருக்கு. எனக்கு ஏன் முந்திச் சொல்லேல்லை? என்ன, நெஞ்சோ?"

"பிரஷர்" என்றேன்.

"அம்மாவுக்கும் இருந்ததெல்லே. மருந்து போடுறியோ?"

"ஓம்."

"ஒரு நேரமும் விடாதை. ஓடித்திரியாதை. வெளியிலை வாறதைப் பற்றி யோசியாதை, நான் இஞ்சை நல்லாத்தான் இருக்கிறன்."

எனக்குப் பிரஷர் இல்லை. அன்றுவரை ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் அதை உண்மையாக நம்புகிறாரா, அல்லது எனக்காக நம்புகிறாரா என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த வலையின் கண் அவ்வளவு பொடி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அதைத்தான் கதைக்கிறோம். முருங்கையிலையை அவித்துக் குடித்தால் குறையும் என்று உள்ளே இருக்கிற ஒருவர் சொன்னாராம், குடிக்கச் சொன்னார். குடிக்கிறேன் என்றேன். கருவாட்டை விடச் சொன்னார். விட்டுவிட்டேன் என்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குழந்தை பிறந்த செய்தியை நான் அவருக்குச் சொல்லவில்லை. வெளியே நடக்கிற ஒன்றையும் இப்போது சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. எங்களுக்கு இருக்கிற பத்து நிமிடமும் என் வருத்தத்துக்கே சரியாகிவிடுகிறது.

போன மாதம் போனபோது வழமையைவிடக் கவலையாக இருந்தார்.

"இந்தமுறை பாத்தனியோ? எவ்வளவு?"

"நூற்றைம்பது" என்றேன்.

"கூட. உப்பைக் குறை. அடுத்தமுறை வரேக்கை பிரஷர் எழுதுற அந்தக் கிளினிக் கொப்பியைக் கொண்டு வந்து காட்டு, நான் ஒருக்காப் பாக்க வேணும்."

மணி அடித்தது. கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.